பட்டியலில் யார்? ஆட்குறைப்பு வதந்தியும் பிரிவுப்பணக் கணக்கும்



சென்ற மாதம் எனக்குத் தரப்பட்ட அரை மணி நேரத்தில் பேசியதை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டுவிட்ட சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விடயம் இதுதான். எங்கள் பிள்ளைகளில் கணிசமானோர் வுப்பர்டால், ஆகன், டோர்ட்முண்ட் பல்கலைக்கழகங்களில் மின்னியலும் கணினியியலும் படித்து, சிப் எனப்படும் சில்லுகள் செய்யும் பெரிய நிறுவனங்களிலும் அவற்றைச் சார்ந்த இடங்களிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். 2024 ஓகஸ்டில் இன்டெல் நிறுவனம் உலகம் முழுவதும் சுமார் 15,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதே மாதம் இன்பினியன் 1,400 வேலைகளை இல்லாமலாக்குவதாகவும், இன்னும் 1,400 வேலைகளைச் சம்பளம் குறைந்த நாடுகளுக்கு மாற்றுவதாகவும் சொன்னது. 2025 யூலையில் இன்டெல் தன் முக்கிய பணியாளர் தொகையை ஆண்டு முடிவுக்குள் சுமார் 75,000 ஆக இறக்கப் போவதாகச் சொல்லி, மக்டபூர்க் நகரில் கட்டுவதாக இருந்த தொழிற்சாலையையும் கைவிட்டது. அன்றிலிருந்து நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்விதான். “அண்ணை, பட்டியலில ஆர் ஆராம்? வருசத்துக்கு எத்தினை மாதச் சம்பளம் குடுப்பாங்கள்?”

வதந்தி எங்களுக்குப் புதிதல்ல. ‘நாளைக்குப் பாதை திறக்குதாம்’ என்பதை நம்பி மூட்டை கட்டியவர்கள், ‘திருப்பி அனுப்புற பட்டியல் வந்திட்டுதாம்’ என்ற பேச்சில் அகதி விடுதியில் நித்திரை கொள்ளாமல் இருந்தவர்கள் நாங்கள். தொழிற்சாலை வதந்தியும் இதே மாதிரித்தான். எத்தனை பேர், எந்தப் பிரிவு, எவ்வளவு காசு என்ற மூன்றையும் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் இந்த நாட்டில் நடந்த பெரிய மூடல்களை ஒரு கணக்காளனாகப் புரட்டிப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு. ஒருவர் கைக்குக் கடைசியில் எவ்வளவு வந்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அவருடைய சேவைக்காலமோ திறமையோ அல்ல. வேலை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எந்தக் கொம்பனியின் பெயர் இருந்தது, மூடும் நாளில் அந்தக் கொம்பனி உயிரோடு இருந்ததா என்பதே தீர்மானித்தது. அதுவும் அந்தப் பெயர் மாறிய நாள், வதந்தி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருடங்கள் முந்தியதாக இருந்தது. அன்று யாரும் பதறவில்லை.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். செயற்கைப் பட்டுநூல் செய்த கிளான்ஸ்ஸ்ரொஃப் நிறுவனம் 1899இல் எல்பர்பெல்டில் உருவானது. காலப்போக்கில் அது ஒல்லாந்து நாட்டு எங்காவோடு சேர்ந்து, 1969இல் உருவான அக்ஸோ என்ற பெருங்குழுமத்துக்குள் வந்தது. 1972இல் அக்ஸோ சில ஆலைகளை மூடத் திட்டமிட்டது. ஒல்லாந்தின் பிரேடாவும் எங்கள் வுப்பர்டால்-பார்மனும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தச் செப்ரெம்பரில் பிரேடா தொழிலாளர்கள் ஆலைக்குள் புகுந்து பல நாட்கள் வெளியேற மறுத்தார்கள். திட்டம் மீளப்பெறப்பட்டது. வுப்பர் ஆற்றங்கரையில் இருந்த வேலைகள், எல்லைக்கு அப்பால் வேறு மொழி பேசியவர்கள் நடத்திய போராட்டத்தால் அந்தத் தடவை தப்பின. இந்த ஊரில் வாழும் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பள்ளிக்கூடத்தில் ஏங்கல்ஸ் பார்மனில் பிறந்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அதே 1972 சனவரியில்தான் ஜேர்மனியின் புதிய தொழிலக அமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெற்றீப்ஸ்றாற் என்று நாங்கள் வேலைத்தலங்களில் கேள்விப்படும் தொழிலாளர் மன்றத்துக்கு இந்தச் சட்டம் பெரிய பலத்தைக் கொடுத்தது. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பெரிய மாற்றமோ மூடலோ செய்வதானால் முன்கூட்டியே மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்படுவோருக்கு என்ன கொடுப்பது என்பதற்கு சோசியால்பிளான் எனப்படும் சமூகத் திட்டம் ஒன்றைப் பேசி எழுத வேண்டும். பேசி முடியாவிட்டால் நடுவர் குழு தீர்க்கும்.

வதந்திக்கும் இந்தச் சட்டமே ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா? நிர்வாகம் மன்றத்துக்குச் சொல்கிறது. வியாபார இரகசியம் என்று குறித்துச் சொன்னதை வெளியே விட மன்றத்தினருக்குச் சட்டத்தில் அனுமதியில்லை. ஆகவே மதியச் சாப்பாட்டு மேசையில் மன்ற உறுப்பினர் ஒருவர் வழமையை விடக் குறைவாகப் பேசினாலே போதும், பின்னேரத்துக்குள் முந்நூறு பேர் வேலை போய்விடும், வாயில்!

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். ‘வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சட்டப்படி கிடைக்கும்’ என்று எங்களில் பலர் நம்புகிறார்கள். அப்படி எல்லோருக்குமான உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை. 1951ஆம் ஆண்டின் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் நியாயமில்லாமல் நீக்குவதைத் தடுக்கிறதே தவிர, நீக்கினால் இவ்வளவு கொடு என்று சொல்லவில்லை. 2004இல் அதில் ஒரு பிரிவு சேர்ந்தது. வழக்குப் போடாமல் இருந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் தருகிறேன் என்று முதலாளி தானாகவே நீக்கற் கடிதத்தில் எழுதினால், அது செல்லும். அவ்வளவுதான். மற்றபடி அப்பின்டுங் என்னும் பிரிவுப்பணம் பேரம் பேசிப் பெறுவது.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் விட்டுவந்த இலங்கையில் எழுத்தில் இருக்கும் சூத்திரம் இதைவிடத் தாராளமானது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் சம்மதம் இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதியோடுதான் வேலையை நிறுத்தலாம். 2005இல் வர்த்தமானியில் வந்த கணக்கின்படி ஐந்து வருடம் வரை வேலை செய்தவருக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். உச்சவரம்பு 12 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள், 2021இல் அதை 25 இலட்சமாக்கினார்கள். சூத்திரம் பெரிதுதான். ஆனால் கொம்பனியிடம் காசு இல்லாவிட்டால் எந்தச் சூத்திரமும் காகிதம்தான். இது எங்கும் பொது.

இனி எங்கள் மாநிலத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள். இரண்டுமே கைத்தொலைபேசித் தொழிற்சாலைகள்.

முதலாவது காம்ப்-லிண்ட்ஃபோர்ட், வுப்பர்டாலில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே சீமென்ஸ் நிறுவனம் கைத்தொலைபேசி செய்தது. 2004இல், வேலையை ஹங்கேரிக்குக் கொண்டுபோய்விடுவோம் என்ற பேச்சு வந்தபோது, தொழிலாளர்கள் கூடுதல் சம்பளமில்லாமல் வாரம் 40 மணி நேரம் வேலை செய்யச் சம்மதித்தார்கள். விடுமுறைப் பணத்தையும் நத்தார்ப் பணத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் சீமென்ஸ் அந்தப் பிரிவையே தாய்வான் நாட்டு பென்க் நிறுவனத்திடம் கைமாற்றியது. சாதாரணமாக விற்பவர் காசு வாங்குவார், இங்கே விற்றவரே சீதனமும் கொடுத்து அனுப்பினார்! 2005 ஒக்டோபர் முதலாம் திகதி கைமாறியது. 2006 செப்ரெம்பர் கடைசியில், ஒரு வருடம் முடிகிற நேரத்தில், பென்க் மொபைலின் ஜேர்மன் கொம்பனி வங்குறோத்து மனுப் போட்டது. மியூனிக், காம்ப்-லிண்ட்ஃபோர்ட், பொஹோல்ட் ஆகிய இடங்களில் சுமார் 3,000 பேர் நடுத்தெருவில்.

இவர்கள் இருபது, முப்பது வருடம் சீமென்சுக்கு உழைத்தவர்கள். சீமென்ஸ் அப்போதும் நல்ல இலாபத்தில் இருந்தது, மேல்மட்ட நிர்வாகிகளுக்கு 30 வீதச் சம்பள உயர்வுகூடத் திட்டமிட்டிருந்தது. நாடே கொதித்த பிறகு அந்த உயர்வைத் தள்ளிவைத்து, 35 மில்லியன் யூரோவில் ஒரு உதவி நிதி ஏற்படுத்தினார்கள். ஆனால் சட்டப்படி ஒப்பந்தத்தில் இருந்த பெயர் சீமென்ஸ் அல்ல.

இங்கே ஒரு கதவு இருந்தது. ஒரு தொழிற்பிரிவு இன்னொருவருக்குக் கைமாறும்போது, அதைப் பற்றி ஒவ்வொரு தொழிலாளிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ‘நான் போகமாட்டேன்’ என்று அவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் பழைய முதலாளியோடு ஒப்பந்தம் தொடரும். பழைய இடத்தில் வேலை இல்லை என்று அவர் நீக்கலாம், அந்த ஆபத்து உண்டு. 2009 யூலையில், எர்ஃபுர்ட்டில் இருக்கும் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம், சீமென்ஸ் கொடுத்த அறிவித்தல் போதுமானதாக இருக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அறிவித்தல் சரியில்லையென்றால் அந்த ஒரு மாதம் ஓடத் தொடங்கவே இல்லை என்பது பொருள். விடாமல் வழக்காடியவருக்குத்தான் இது தெரிந்தது.

இரண்டாவது போஹும். இந்தப் பெயரைத் தமிழில் நேரே எழுதினால் ‘போகும்’ என்றுதான் வரும், பெயருக்கேற்றபடி அங்கு வந்த பெரிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. 2008 சனவரி 15ஆம் திகதி, போஹும் தொழிற்சாலையை மூடி ருமேனியாவின் குளுஷ் பகுதிக்குப் போகப் போவதாக நோக்கியா அறிவித்தது. நிரந்தரத் தொழிலாளர் சுமார் 2,300 பேர். ஒன்பது நாள் கழித்து நோக்கியா 2007ஆம் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. இலாபம் 7.2 பில்லியன் யூரோ! தெருவில் இறங்கியவர்கள் அதைக் கேட்டு எப்படியிருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணக்கு வழியில் பார்த்தால், அந்த 7.2 பில்லியன்தான் அவர்களைக் காப்பாற்றியது. ஏப்ரலில் எழுதப்பட்ட சமூகத் திட்டத்தின் தொகை 200 மில்லியன் யூரோ. அதில் 15 மில்லியன் இடைமாற்று நிறுவனத்துக்கு, மிகுதி 185 மில்லியன் பிரிவுப்பணம். தலைக்குப் பிரித்தால் சராசரி எண்பதாயிரம் யூரோ வருகிறது. வேலை போனது போனதுதான், யூன் மாதத்தோடு உற்பத்தி நின்றது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்த கொம்பனி உயிரோடு இருந்தது, அதன் பெயர் கெடக்கூடாது என்ற கவலையும் அதற்கு இருந்தது.

அதே கூரையின் கீழ் வேலை செய்த லைஹ்ஆர்பைற் என்னும் வாடகைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோருக்கு அந்த 185 மில்லியனில் பங்கில்லை. அவர்களுடைய ஒப்பந்தம் ஆள் அனுப்பும் முகவர் நிறுவனத்தோடு. எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. தொண்ணூறுகளில் வேலை அனுமதி கிடைத்து முதன்முதல் தொழிற்சாலைக்குள் போனவர்களில் பலர் இப்படித்தான் போனார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருடம் ஒரே இயந்திரத்தில் நின்றார். போட்டிருந்த மேலங்கியில் தொழிற்சாலையின் பெயர், சம்பளத் துண்டில் முகவரின் பெயர். தொழிற்சாலை ஆட்குறைத்தபோது மற்றவர்களுக்குக் கூட்டம் நடந்தது, இவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே தேவையில்லை.

இனி சில்லுக்கு வருவோம். ஜேர்மனியின் சில்லுத் தொழிலில் நடந்த மிகப் பெரிய வீழ்ச்சி கிமொண்டா என்ற பெயரில் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று தலைமுறைப் பெயர் மாற்றம் இதில் இருக்கிறது.

சீமென்ஸ் தன் சில்லுப் பிரிவை 1999 ஏப்ரலில் பிரித்து இன்பினியன் ஆக்கியது. இன்பினியன் தன் நினைவகச் சில்லுப் பிரிவை 2006 மே முதலாம் திகதி பிரித்து கிமொண்டா ஆக்கியது. அந்த ஓகஸ்டில் கிமொண்டா பங்குகள் நியூயோர்க் சந்தைக்கு வந்தன, விலை 13 டொலர். டிரெஸ்டனில் பெரிய ஆலை, மியூனிக்கில் தலைமையகம், அமெரிக்காவில் ரிச்மண்ட், போர்த்துக்கலில் விலா டு கோண்டே என்று பரந்த நிறுவனம். கணினியில் போடும் நினைவகச் சில்லில் உலகின் முன்னணி உற்பத்தியாளர்களில் ஒன்று.

நினைவகச் சில்லு என்பது அரிசி, சீனி மாதிரி ஒரு பண்டம். யாருடையது என்று வாங்குபவர் பார்ப்பதில்லை, விலையைத்தான் பார்ப்பார். ஆலை கட்டப் பில்லியன் கணக்கில் வேண்டும். கட்டியபின் நிறுத்தி வைத்தாலும் செலவு, ஓட்டினாலும் செலவு, ஆகவே எல்லோரும் ஓட்டுவார்கள், சந்தையில் சரக்குக் குவியும், விலை விழும். இன்பினியன் அந்தப் பிரிவைத் தனியாக்கியதன் காரணமும் இந்த ஏற்ற இறக்கம்தான், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 2007இல் விலை விழத் தொடங்கியது. 2008இல் செய்யும் செலவுக்கே விலை போகவில்லை, கூடவே உலக நிதி நெருக்கடி.

2008 ஒக்டோபரில் கிமொண்டா சுமார் 3,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்து, தாய்வானில் இருந்த கூட்டு நிறுவனத்தின் பங்கை மைக்ரோனுக்கு 400 மில்லியன் டொலருக்கு விற்றது. டிரெஸ்டனில் அப்போது ஓடிய பேச்சுகளுக்கு ஆதாரமில்லாமலும் இல்லை. பொறியியலாளர்கள் கையில் ஒரு புதிய தொழில்நுட்பம் உண்மையாகவே இருந்தது, அதை முழு உற்பத்திக்குக் கொண்டுவந்துவிட்டால் பிழைத்துவிடலாம் என்று நம்பினார்கள். நத்தாருக்குச் சில நாள் முன்பு 325 மில்லியன் யூரோ மீட்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சக்சன் மாநிலம் 150, போர்த்துக்கல் வங்கி 100, இன்பினியன் 75. எத்தனை வீடுகளில் அந்த நத்தார் நிம்மதியாகப் போயிருக்கும்! 2009 சனவரி 23ஆம் திகதி கிமொண்டா மியூனிக் நீதிமன்றத்தில் வங்குறோத்து மனுப் போட்டது. உலகம் முழுவதும் சுமார் 12,000 பேர், டிரெஸ்டனில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல்.

இந்த இடத்தில் கணக்கைப் பாருங்கள். வங்குறோத்து நிர்வாகியாக மிக்காயல் யாஃபே என்ற சட்டத்தரணி நியமிக்கப்பட்டார். முதல் மூன்று மாதச் சம்பளத்தை வங்குறோத்துக் கொடுப்பனவாக வேலைவாய்ப்பு முகவர் நிலையம், எங்கள் வழக்கில் ஆர்பைற்ஸ்அம்ற், தருகிறது. ஏப்ரல் முதலாம் திகதி வங்குறோத்து நடவடிக்கை முறைப்படி தொடங்கியது, பெருந்தொகையானோர் இடைமாற்று நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கே அதிகபட்சம் ஒரு வருடம், பிள்ளையில்லாதவருக்குத் தேறிய சம்பளத்தில் 60 வீதம், பிள்ளையுள்ளவருக்கு 67 வீதம். பிரிவுப்பணத்துக்கு வங்குறோத்துச் சட்டம் ஒரு கூரை போடுகிறது. நீக்கப்படும் எல்லோருக்குமாகச் சேர்த்து, அவர்களின் இரண்டரை மாதச் சம்பளத்துக்கு மேல் சமூகத் திட்டம் போகக்கூடாது. அதுவும் கடன்காரருக்குப் பங்கிட இருக்கும் சொத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது.

ஒரு உதாரணம். மாதம் 3,000 யூரோ மொத்தச் சம்பளத்தில் இருபது வருடம் வேலை செய்த ஒருவர். உயிரோடு இருக்கும் கொம்பனி வழமையான அரை மாதக் கணக்கில் கொடுத்தாலே 30,000 யூரோ. செத்த கொம்பனியில், எல்லோருக்கும் ஒரே வீதத்தில் பிரித்தால், உச்சம் 7,500. அதே மனிதர், அதே வேலை, அதே நாட்டுச் சட்டம்.

டிரெஸ்டனில் இது இன்னும் கொடுமையாகத் தெரிந்திருக்கும். கிமொண்டா ஆலையும் இன்பினியன் ஆலையும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து இருந்தவை. 2006 மே மாதத்துக்கு முன் எல்லோருமே இன்பினியன்காரர்கள். நினைவகப் பிரிவில் இருந்தவர் கிமொண்டாவானார், பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர் இன்பினியனாகவே இருந்தார். இன்பினியனும் 2009இல் சாவின் விளிம்புவரை போய்த்தான் வந்தது, அதன் பங்கு ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. ஆனால் பிழைத்தது. 2011இல், ஆள் இல்லாமல் கிடந்த கிமொண்டா ஆலையைச் சுமார் 100 மில்லியன் யூரோவுக்கு இன்பினியனே வாங்கி மின்சக்திச் சில்லு செய்யத் தொடங்கியது. சீன முதலீட்டாளர் வருகிறார் என்று 2009 வசந்தம் முழுக்க ஓடிய பேச்சுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இன்ஸ்பர் என்ற சீன நிறுவனம் சியான் நகரில் இருந்த கிமொண்டா வடிவமைப்பு நிலையத்தை மட்டும் வாங்கிக்கொண்டது.

கதை அதோடு முடியவில்லை. கிமொண்டாவைப் பிரித்தபோது இன்பினியன் உள்ளே வைத்த சொத்தின் உண்மைப் பெறுமதி, காகிதத்தில் சொன்ன பெறுமதிக்கு ஈடாக இருக்கவில்லை என்று நிர்வாகி யாஃபே 2010இல் மியூனிக்கில் வழக்குத் தொடுத்தார். கேட்ட தொகை மூன்று பில்லியன் யூரோவுக்கும் மேல். 2014இல் ஒரு பகுதி சமரசமாகியது. மிகுதி வழக்கு 2024 ஓகஸ்டில் முடிந்தது, இன்பினியன் மேலும் 753.5 மில்லியன் யூரோ கொடுக்கச் சம்மதித்தது. 1,400 வேலைகளைக் குறைக்கும் அறிவிப்பு வந்த அதே மாதம் என்பதையும் கவனியுங்கள். பிரிவினை நாளில் எழுதிய ஒரு மதிப்பீட்டைப் பற்றிய கேள்வி பதினெட்டு வருடம் கழித்து அடங்கியது. 2009இல் இடைமாற்று நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு ஒஸ்திரியாவுக்கும் வேறிடங்களுக்கும் வேலை தேடிப் போனவர் அதற்காகக் காத்திருக்க முடியுமா?

இதே பாடத்தைத் தமிழ்நாட்டிலும் படித்தார்கள். சென்னைக்கு அருகே சிறிபெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொடங்கிய ஆலை, போஹுமை மூடிய காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேர், சுற்றுக் கிராமங்களில் இருந்து வந்த இளம்பெண்கள் ஏராளம். 2013இல் இந்திய வருமான வரித்துறையோடு பெரிய தகராறு வந்து ஆலைச் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியா தன் கைத்தொலைபேசித் தொழிலை மைக்ரோசொப்டுக்கு விற்றபோது உலகின் மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை கைமாறின, இது மாறவில்லை. நோக்கியாவின் பெயரிலேயே நின்று மைக்ரோசொப்டுக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஆலையாகியது. விருப்ப ஓய்வுத் திட்டம் என்று ஒன்றை நீட்டினார்கள். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓய்வுத் திட்டம்! சுமார் 5,000 பேர் கையெழுத்து வைத்தார்கள். மைக்ரோசொப்ட் கட்டளை நின்றது, 2014 நவம்பர் முதலாம் திகதி ஆலை நின்றது. போஹும் வேலையை வாங்கிய ருமேனிய ஆலையும் அதற்கு மூன்று வருடம் முன்பே, 2011 முடிவில் மூடப்பட்டிருந்தது.

சரி, இன்றைக்கு வருவோம். எல்லாக் கைமாற்றமும் சாவில் முடிவதில்லை. டோர்ட்முண்டில் எல்மோஸ் தன் சில்லு ஆலையை முதலில் சீனத் தொடர்புள்ள சுவீடன் நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தது, 2022 நவம்பரில் ஜேர்மன் அரசு தடுத்தது. பிறகு அமெரிக்க லிட்டல்பியூஸ் வாங்கி, 2024 முடிவோடு ஆலை கைமாறியது. சுமார் 225 பேரின் ஒப்பந்தத்தில் பெயர் மாறியிருக்கிறது. அது நல்லதாகவும் இருக்கலாம்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் நிறுவனத்தின் பெயரைப் பொது நிறுவனப் பதிவேட்டில் தேடினால் அதன் ஆண்டுக் கணக்கை இலவசமாகப் பார்க்கலாம். அதில் நான் முதலில் தேடுவது இலாபத்தை அல்ல. வருடாந்த இழப்பைத் தாய் நிறுவனம் ஏற்கும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை. அது இருந்தால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள் என்றால், சாப்பாட்டு மேசைப் பேச்சைவிட அது பெரிய செய்தி.

கைமாற்ற அறிவித்தல் வந்தால் ஒரு மாதம். நீக்கற் கடிதம் வந்தால் வழக்குப் போட மூன்று வாரம், அதற்கு மேல் தொழில் நீதிமன்றக் கதவு அநேகமாக மூடிவிடும். வேலை தேடுவோராகப் பதியத் தாமதிக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குக் குறைவான அறிவித்தல் என்றால் மூன்று நாளுக்குள் பதிய வேண்டும். ‘நாங்களே பேசி முடிப்போம்’ என்று சிரித்த முகத்தோடு நீட்டும் விலகல் ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைத்தால், வேலையில்லாப் பணம் பன்னிரண்டு வாரம் வரை நிற்கலாம். வதந்திக்குப் பயந்து தொகை கூட இருக்கும்போதே எடுத்துக்கொண்டு ஓடுவோம் என்று நினைப்பவர்கள் இந்தப் பன்னிரண்டு வாரத்தைக் கழித்துப் பார்ப்பதில்லை. வரியிலும் ஒரு மாற்றம். பிரிவுப்பணத்துக்கான ஐந்திலொரு பங்கு முறைச் சலுகையை 2025 முதல் முதலாளி சம்பளத் துண்டில் கணக்கிடுவதில்லை. நீங்கள்தான் அடுத்த வருட வரிப் படிவத்தில் கேட்டுப் பெற வேண்டும். கேட்காவிட்டால் கிடைக்காது, யாரும் ஞாபகப்படுத்தவும் மாட்டார்கள்.

அடுத்த மாத நிகழ்ச்சியில் தொழிற்சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரும் என்னோடு இருப்பார். கேள்வி அனுப்ப விரும்புவோர் வேலை ஒப்பந்தத்தின் முதல் பக்கப் பிரதியையும் சேர்த்து நிலைய முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரையும் சம்பளத்தையும் மறைத்துவிடலாம். கொம்பனியின் பெயரையும், அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் மட்டும் மறைக்க வேண்டாம்.